மேலே வானம்தானே, எங்கே இடிக்கும்?

லீவு விட்டாலே ரோலர் கோஸ்டர் கேள்விகள்தான் குவிகின்றன. இந்த முறை பாதிக்கு மேல் உயர வரம்பு பற்றி.

திருவொற்றியூர் வாசகர்: என் உயரம் 6.4. ஏற விடுவார்களா?

6 அடி 4 அங்குலமா, 6.4 அடியா? இரண்டும் ஒன்றில்லை தம்பி. 6.4 அடி என்றால் கிட்டத்தட்ட 6 அடி 5 அங்குலம், பல கோஸ்டர்களில் வரம்பே அங்கேதான், 195 செ.மீ. சுற்றுவட்டத்தில். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்று செ.மீ.யில் அளந்துகொண்டு போங்கள். வரம்பு ரைடுக்கு ரைடு மாறும், போர்டைப் படியுங்கள்.

காசிமேடு வாசகர்: குட்டையானவர்களைத் தடுப்பது புரிகிறது. நெட்டையானவர்களை ஏன்? மேலே வானம்தானே? கொஞ்சம் குனிந்து போனால் ஆகாதா?

இந்தக் 'கொஞ்சம் குனிந்து' ஆட்களோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. வானம் எங்கே ஐயா இருக்கிறது? டிராக்கைத் தாங்கும் தூண், தலைக்கு மேல் குறுக்கே போகும் இன்னொரு டிராக், குகையின் கூரை, எல்லாம் இருக்கிறது. ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் குறுக்குக் கம்பி எதற்கு என்று மணலி பக்கம் டிரெய்லர் ஓட்டுகிறவரைக் கேளுங்கள், சொல்வார். சீட்டில் உட்கார்ந்து கையை முழுக்க நீட்டினால் எதுவரை எட்டும், அதற்கு மேலும் கொஞ்சம் இடைவெளி, இதுதான் கணக்கு. அந்த அளவில் ஒரு சட்டம் செய்து பெட்டியில் கட்டி டிராக் முழுக்க மெதுவாக இழுத்துப் பார்ப்போம். ஒரு மழைக்காலம் முடிந்து அப்படி இழுத்தபோது சட்டத்தின் இடது முனையில் வேப்பிலை ஒட்டிக்கொண்டு வந்தது. போன வருஷம் எட்டாத கிளை. அன்றைக்கே வெட்டினோம்.

அப்புறம் சீட். தலை சீட்டின் முதுகைத் தாண்டி நின்றால் கழுத்துக்குப் பிடிமானம் இல்லை, தோள்பார், அதாவது ஆளைச் சீட்டோடு பிடித்து வைக்கும் கம்பி, தோளில் அழுத்தும். உண்மையில் பார்க்க வேண்டியது இடுப்புக்கு மேல் உள்ள உயரம். கால் மட்டும் நீளமான ஆளுக்கு முட்டிதான் பிரச்சினை. வாசலில் அளக்க லேசு என்பதால் நிற்க வைத்து அளக்கிறார்கள். குனிந்து ஏமாற்றி ஏறினால் பார் பூட்டும், சரி. ஆனால் பள்ளத்தில் 4 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல நாலு மடங்கு விசை, அடிக்கும்போது 70 கிலோ ஆள் 280 கிலோ ஆகிறான், அதை வளைந்த முதுகெலும்பு தாங்க வேண்டும். அமெரிக்காவின் சீடர் பாயிண்டில் 420 அடி உயரத்தில் டாப் த்ரில் டிராக்ஸ்டர் என்று ஒன்று ஓடியது, அதிலும் 6 அடி 6 அங்குலத்துக்கு மேல் ஏற்றவில்லை. குனியாதீர்கள்.

பெரம்பூர் வாசகி: குட்டிக் கோஸ்டரில் மகளோடு என்னை ஏற்றவில்லை. அழுதே விட்டாள்.

ஏற்றாதது நல்லது அம்மா. இருவருக்கும் ஒரே பார் என்றால் அது உங்கள் தொடையில் முட்டி நின்றுவிடும், பிள்ளையின் மடிக்கு மேல் இடைவெளி விழும்.

ராயபுரம் வாசகர்: 5 அடி 8, எடை 110 கிலோ?

உயரம் பிரச்சினையே இல்லை. பார் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். வாசலில் மாதிரி சீட் வைத்திருந்தால் உட்கார்ந்து பாருங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: பொருட்காட்சி ரைடில் போர்டே இல்லை, அப்போ வரம்பு கிடையாதா?

போர்டு இல்லை, அவ்வளவுதான். ஆபரேட்டரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லையா, டெல்லி அப்பளம் தின்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.