வண்டுக்கு வாங்கும் எண்ணெயை உணவில் சேர்க்கலாமா?

கேள்வி: தானிய டப்பாக்களில் வண்டுத் தொல்லை ஓயவில்லை, பூச்சி மருந்து வைக்க மனம் வரவில்லை. ஆன்லைனில் ‘100 சதவீதம் தூய்மை’ என்று கிராம்பு எண்ணெய், லெமன்கிராஸ் எண்ணெய் விற்கிறார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது? உணவு கெடாமல் இருக்கவும் அதையே சேர்க்கலாமா? இல்லை, சின்ன வடிகலன் வாங்கி நாங்களே எடுத்துக்கொள்வது நல்லதா?

பதில்: முதலில் வடிகலன். ஒரு கிலோ லெமன்கிராஸை நீராவியில் வடித்தால் சுமார் 2 முதல் 5 மில்லி எண்ணெய்தான் தேறும். செய்து பார்க்கும் ஆசை என்றால் வாங்குங்கள். காசு மிச்சமாகும் என்று நினைத்தால் வேண்டாம்.

பாட்டில் வாங்குவதாக இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘தூய்மை’, ‘இயற்கை’ என்று முன்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தாவரவியல் பெயர், செடியின் எந்தப் பாகம், எடுத்த முறை, பேட்ச் எண் இவை இருக்க வேண்டும். கிராம்பில் மொட்டு எண்ணெய் விலை கூடுதல், இலை எண்ணெய் குறைவு. இலையைக் கொடுத்து மொட்டு விலை வாங்குவதும் நடக்கும். பூச்சியை விரட்டும் யூஜெனால் என்ற வேதிப்பொருள் இரண்டிலுமே தாராளம். வண்டுக்கு இலை எண்ணெயே போதும். ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’ என்றிருந்தால் அது வாசனைக்கு மட்டும்தான்.

வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். லேசான நிறக்கறை பரவாயில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் பிசுக்கு வட்டம் நின்றால், சமையல் எண்ணெய் கலந்திருக்கலாம். ஆவியாகும் மலிவுச் சரக்கு கலந்திருந்தால் இதில் மாட்டாது. அதற்கு ஜிசி-எம்எஸ் பரிசோதனை (எண்ணெயில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஆய்வகச் சோதனை) அறிக்கை கேளுங்கள். அதிலுள்ள பேட்ச் எண்ணும் பாட்டிலில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேப்பெண்ணெய்க்குக் காகிதச் சோதனை செல்லாது. அது ஆட்டி எடுப்பது, பிசுக்கு இருக்கத்தான் செய்யும்.

தானியத்தின் மேல் ஊற்றிவிடாதீர்கள். பஞ்சில் சில சொட்டு விட்டு, துளையிட்ட சிறு டப்பியில் போட்டு, இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்துக்குள் வையுங்கள். ஆனால் ஒரு விஷயம்: அரிசி வண்டு முட்டையிடுவது தானிய மணிக்கு உள்ளே. வாசனை வண்டை விரட்டலாம், உள்ளே இருப்பதை ஒழிக்கும் என்று நம்ப முடியாது. அதனால் தானியத்தைச் சிறு பைகளாக்கி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்து எடுங்கள், அப்புறம் பஞ்சு.

உணவில் சேர்ப்பதற்கு என் பதில், வேண்டாம். ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கும் எண்ணெய், கொழுப்பும் புரதமும் உள்ள உணவில் வீரியம் இழக்கிறது. அளவைக் கூட்டினால் வாயில் வைக்க முடியாது. பூச்சிக்கென விற்பது உணவுத்தரமும் இல்லை. இதற்குப் பதிலாகப் பச்சைப் பூண்டையோ மூலிகையையோ எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் யோசனை இன்னும் மோசம்: காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், வாசனையில் தெரியவே தெரியாது.

வீட்டில் பூனை இருந்தால் கிராம்பு எண்ணெயை அதற்கு எட்டவிடாதீர்கள். யூஜெனாலை அதன் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது.