சதுரங்கக் குதிரை எண்ட்கேம் (காய்கள் குறைந்த இறுதிக்கட்டம்) புதிர்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், குதிரைப் புதிர் என்றாலே கண்ணைக் கட்டுகிறது. இரண்டு மூவுக்கு மேல் மனதில் ஓட்ட முடியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: குதிரை எங்கெல்லாம் தாவும் என்று தேடுவதால்தான் அப்படி ஆகிறது. நடுப்பலகையில் அதற்கு எட்டு வழி, அடுத்த மூவிலேயே கணக்கு கைமீறிவிடும். முதலில் கட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தாவலிலும் குதிரை நிறம் மாறியே தீரும். உங்கள் குதிரையும் எதிரி ராஜாவும் வேறு வேறு நிறத்தில் நின்றால், இந்த மூவில் குதிரையால் செக் வைக்கவே முடியாது. இது ஒன்று தெரிந்தாலே பாதி வழிகள் கழிந்துவிடும். கட்டப் பெயர்களில் எழுத்து (ஏ முதல் எச் வரை) வெள்ளையின் இடமிருந்து வலமாக எண்ணும் நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை.

கேள்வி: வெள்ளை: ராஜா சி2, குதிரை டி5. கறுப்பு: ராஜா ஏ2, சிப்பாய் ஏ3. வெள்ளை ஆடி மூன்று மூவில் மேட். குதிரையை எங்கெங்கோ வைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. அலெப்போவில் பிறந்த ஃபிலிப் ஸ்டாமா 1737-ல் பாரிசில் தன் புதிர்களை வெளியிட்டார். இந்த மேட்டை அவர் பெயரால்தான் ஸ்டாமா மேட் என்கிறோம்.

முதல் மூவ் குதிரை பி4, செக். பி1, பி2, பி3 மூன்றையும் உங்கள் ராஜா காக்கிறது. அதனால் கறுப்பு ராஜா ஏ1-க்குத்தான் போக முடியும். இங்கேதான் எல்லோரும் மறுபடி குதிரையைத் தொடுகிறார்கள். தொட்டால் ஏ2 திறந்துவிடும், ராஜா வெளியே வந்துவிடும். குதிரையை அப்படியே விட்டுவிட்டு ராஜாவை சி1-க்கு நகர்த்துங்கள். செக்கும் இல்லை, வெட்டும் இல்லை, சும்மா ஒரு நகர்வு. ஆனால் இப்போது பி1, பி2 உங்கள் ராஜாவிடம், ஏ2 குதிரையிடம். கறுப்புக்கு மிச்சம் சிப்பாய் மட்டுமே. அது ஏ2-க்கு வந்து தன் ராஜாவின் கடைசிக் கட்டத்தையும் அடைத்துவிடும். அப்புறம் குதிரை சி2, மேட்.

குதிரையால் ஒரு மூவைச் சும்மா கடத்த முடியாது. அந்த வேலையை ராஜாதான் செய்ய வேண்டும். குதிரைப் புதிரில் சிக்கினால் முதலில் ராஜாவின் மூவ்களைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: என் ராஜா ஏ8-ல் அடைபட்டிருக்கிறது. சிப்பாய் ஏ7, குதிரை வெளியே. கறுப்பு ராஜா சி7-க்கும் சி8-க்கும் மாறி மாறிப் போகிறது. ஒரு பலகைப் படத்தில் வெற்றி என்கிறார்கள், அதே போன்ற இன்னொன்றில் டிரா என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

பதில்: இங்கே ராஜாவும் சிக்கிவிட்டதால் மூவ் கடத்த ஆளே இல்லை. எல்லாம் நிறத்தைப் பொறுத்தது. நீங்கள் ஆட வேண்டிய நேரத்தில் குதிரையும் கறுப்பு ராஜாவும் வேறு நிறத்தில் இருந்தால் வெற்றி, ஒரே நிறத்தில் இருந்தால் டிரா. கறுப்பு ராஜா சி8, குதிரை எஃப்4 என்று வையுங்கள். குதிரை டி5-க்கு வந்தால் சி7 பறிபோகிறது. கறுப்பு ராஜா விலகியாக வேண்டும். நீங்கள் பி7-க்கு வந்து சிப்பாயை ராணியாக்குவீர்கள். அதே எஃப்4 குதிரைக்குக் கறுப்பு ராஜா சி7-ல் நின்றால், நாள் முழுக்கச் சுற்றினாலும் நிறம் ஒத்துவராது.

கேள்வி: எதிரியின் குதிரை செக் மேல் செக் வைத்து என் ராஜாவை விரட்டுகிறது. எங்கே நின்றால் நிம்மதி?

பதில்: குதிரையிலிருந்து மூலைவிட்டமாக இரண்டு கட்டம் தள்ளி. குதிரை டி4 என்றால் ராஜா எஃப்6. அங்கே செக் வைக்க அதற்கு மூன்று மூவ் வேண்டும். நேர்கோட்டில் இரண்டு கட்டம் தள்ளி, அதாவது டி6-ல், நின்றால் அடுத்த மூவிலேயே செக் வரும்.

கேள்வி: இரண்டு குதிரைகளால் தனி ராஜாவை மேட் போட முடியாது, ஆனால் எதிரிக்கு ஒரு சிப்பாய் இருந்தால் முடியும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். தனி ராஜாவை மூலையில் நெருக்கினால் மேட்டுக்கு ஒரு மூவ் முன்பே ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆட மூவும் இல்லை, அதனால் டிரா) ஆகிவிடும். சிப்பாய் இருந்தால் கறுப்புக்கு ஆட ஒரு மூவ் கிடைக்கிறது, அந்த ஒரு மூவில் நீங்கள் மேட்டை முடிக்கிறீர்கள். சிப்பாயை எந்தக் கட்டம் வரை தடுத்து நிறுத்தினால் வெற்றி என்பதை ரஷ்யப் புதிர் அமைப்பாளர் அலெக்ஸி ட்ராய்ட்ஸ்கி கண்டறிந்தார். கறுப்புச் சிப்பாய்க்கு அந்த எல்லை ஏ4, பி6, சி5, டி4, ஈ4, எஃப்5, ஜி6, எச்4. ஒரு குதிரை அதை முன்னால் நின்று பத்திரமாகத் தடுக்க வேண்டும். சில நிலைகளில் 50 மூவுக்கு மேலும் இழுக்கும், போட்டியில் 50 மூவ் விதி (50 மூவ் வரை சிப்பாய் நகராமலும் எதுவும் வெட்டப்படாமலும் போனால் டிரா கேட்கலாம்) குறுக்கே வரும்.

கேள்வி: ஓரச் சிப்பாயைக் குதிரை தடுக்கத் திணறுவது ஏன்?

பதில்: பலகை ஒரு பக்கம் முடிந்துவிடுகிறது. மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே கட்டங்கள்தான்.

கேள்வி: எனக்கு 11 வயது. எஞ்சினில் (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரலில்) விடை பார்த்துப் பழகலாமா, சார்?

பதில்: பார்க்கலாம், ஆனால் உன் விடையை முதலில் தாளில் எழுதிவிடு. அப்புறம் சரியான மூவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே. நீ எழுதிய தவறான மூவைப் போட்டு, எதிரி எப்படித் தப்பிக்கிறான் என்று பார். மேலே சொன்ன ஸ்டாமா புதிரில் இரண்டாவது மூவாகக் குதிரையை டி5-க்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பார். கறுப்பு ராஜா ஏ2-க்கு வரும், நீ தொடங்கிய இடத்திலேயே நிற்பாய்.