‘அப்புறம் சொல்றேன்’: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு 17 வயது. பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது, கருவி போட்டிருக்கிறான். ஐடிஇ தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. போன தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். அதிலிருந்து சாப்பாடும் தூக்கமும் சரியில்லை. காது கேளாத நண்பர்களைப் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் முகம் மலர்ந்திருக்கிறது. எனக்குச் சைகை மொழி தெரியாது. அதைப் பழக்கினால் பேச்சு வராது என்று அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொன்னார்கள். இது மனநோயா? யாரிடம் காட்டுவது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நோயா இல்லையா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் காட்டத்தான் வேண்டும். ஆனால் நண்பர்களைப் பார்த்தால் முகம் மலர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் அண்ணன் மகளுக்கும் காது கேளாது. ஒரு தீபாவளி விருந்தில் யாரோ ஜோக் சொல்ல, மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. அதற்குள் பேச்சு பெரியப்பாவின் ஆபரேஷனுக்குத் தாவிவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. “இதுல என்ன சிரிப்பு?” என்று ஒருவர் அதட்டினார். அந்த ஒருவர் நான்தான்.

அன்றைக்குத்தான் கவனித்தேன், “என்ன சொன்னாங்க?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே பதில்: “அப்புறம் சொல்றேன்.” அந்த அப்புறம் வந்ததே இல்லை. பல நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். ஆங்கில எழுத்தில் “அப்புறம் சொல்றேன்” என்று பதில் போட்டாள். தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்குப் பெற்றவள். உதட்டில் பார்த்துப் பார்த்தே அவளுக்கு மனப்பாடமான தமிழ் அது.

இப்படிச் சாப்பாட்டு மேசைப் பேச்சில் விடுபட்டுப்போவதற்கு ஆங்கிலத்தில் ‘டின்னர் டேபிள் சிண்ட்ரோம்’ என்று பெயரே இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அதனால் இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்த இளையர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. வீட்டில் பேச ஆள் இல்லாததற்கும் அதில் பங்கு உண்டு.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று நம்பாதீர்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பணம்’ என்றும் ‘மனம்’ என்றும் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க வகுப்பில் இப்படி ஊகித்து ஊகித்துக் களைத்து வருபவனுக்குப் பூட்டிய கதவு கொஞ்சம் ஓய்வாகவும் இருக்கலாம்.

சரி, எங்கே போவது? 16 முதல் 30 வயதுள்ளவர்களுக்கு ‘சாட்’ என்ற மனநலச் சேவை இருக்கிறது, இலவசம். தற்கொலைத் தடுப்புக்கான சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணை எல்லாரும் சொல்வார்கள். காது கேளாதவனுக்கு ஃபோன் எண் எதற்கு? அவர்களுக்கே 9151 1767 என்ற வாட்ஸ்அப் எண் உண்டு. அதை அவன் ஃபோனில் சேமித்து வையுங்கள். உயிரை விடுவதுபோல ஏதாவது சொன்னால் அன்றைக்கே புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

ஆலோசகரிடம் போகும்போது நீங்கள் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். அம்மா வாய் வழியாக அம்மாவைப் பற்றி எந்தப் பிள்ளை குறை சொல்லும்? சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அவர் யார் என்பதையும் மகனிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். காது கேளாதவர்களின் உலகம் சின்னது. போன வாரம் நண்பனின் பிறந்தநாள் விழாவில் பார்த்தவரே மொழிபெயர்க்க வந்து நின்றால் அவன் வாயே திறக்கமாட்டான். கையைச் சொல்ல வேண்டும், வாய் என்று பழக்கத்தில் வந்துவிட்டது.

சைகை பழகினால் பேச்சு வராது என்பது பழைய பயம், ஆதாரமில்லாதது. ஷாங்ஹாயில் பிறந்து சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்த பெங் சு யிங் 1954இல் இங்கே ஒரு சைகைப் பள்ளி தொடங்கினார். அவர் கொண்டுவந்த ஷாங்ஹாய்ச் சைகைகளோடு அமெரிக்கச் சைகைகளும் உள்ளூர்ச் சைகைகளும் கலந்து வளர்ந்ததுதான் சிங்கப்பூர்ச் சைகை மொழி. மவுண்ட்பேட்டன் சாலையில் இருக்கும் காது கேளாதோர் சங்கம் பொதுமக்களுக்கும் வகுப்பு நடத்துகிறது. 17 வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். நான் 52 வயதில் சேர்ந்தேன். என் விரல்களைப் பார்த்து அண்ணன் மகள் இன்னும் சிரிக்கிறாள், இந்த முறை தாமதமில்லாமல்.

எங்கே தவறினேன் என்று யோசித்து இரவைக் கழிக்காதீர்கள். அப்போது சொன்னதை நம்பினீர்கள், அவ்வளவுதான். வகுப்பு தொடங்கும்வரை ஒன்று செய்யலாம். இன்று இரவு மேசையில் யாராவது சிரித்தால், கையைக் கழுவிவிட்டு, என்ன சொன்னார்கள் என்பதை ஃபோனில் தட்டி அவனிடம் காட்டுங்கள். ஜோக் ஆறிப்போயிருக்கும். பரவாயில்லை, காட்டுங்கள்.