ஊர் மாறினால் துரோகமா?

கேள்வி: ஜோன் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிப் படித்தேன். பிறகு 2011இல் வந்த படத்தைப் பார்த்து மனம் நொந்துபோனேன். செக்கோஸ்லோவாக்கியா புடாபெஸ்ட் ஆகிவிட்டது. ஹொங்கொங் இஸ்தான்புல் ஆகிவிட்டது. குள்ளமாய்ப் பருத்திருந்த உளவாளி ஸ்மைலி மெலிந்துவிட்டார். எழுதியதை எழுதியபடி எடுத்தால் என்ன? இது எழுத்தாளனுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: துரோகம் பெரிய சொல். சில படங்களுக்கு அது பொருந்தும். நீங்கள் காட்டிய இடங்களுக்குப் பொருந்தாது.

ஊர்க் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். 1979இல் பிபிசி இதே நாவலை 7 பாகத் தொடராக எடுத்தபோதே ஹொங்கொங் லிஸ்பன் ஆகிவிட்டது. 2011 படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் லெ காரேயும் ஒருவர். நாவலில் இல்லாத ஒரு கிறிஸ்மஸ் விருந்தைப் படத்தில் சேர்த்தார்கள். அந்த விருந்தாளிகளுக்கு நடுவே அவரும் நிற்கிறார். தன் நாவல் சிதைக்கப்படுவதாக நினைத்த ஒருவர் அங்கே போய் நின்றிருப்பாரா?

அடுத்தது ஸ்மைலியின் உடம்பு. தெருவில் எவரும் திரும்பிப் பார்க்காத ஆள் அவர். பருமனும் குள்ளமும் அதற்காகத்தான். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் 'கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும் உகாஅமை வல்லதே ஒற்று' என்கிறார். பார்த்தவர் ஐயப்படாத தோற்றம், முறைத்துப் பார்த்தாலும் கலங்காத கண், எந்த நிலையிலும் வாய்விடாத உறுதி. படத்தில் ஸ்மைலியாக நடித்த கரி ஓல்ட்மனிடம் தொந்தி இல்லை, இந்த மூன்றும் இருக்கின்றன. படம் தொடங்கி நெடுநேரம் அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதைக் கவனித்தீர்களா?

நீங்கள் கேட்டிருக்கவேண்டியது வேறு. உளவு நாவலில் எனக்கு முக்கியம், எந்தச் செய்தி யாருக்கு எப்போது தெரியவருகிறது என்பதுதான். நாவல் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. முதுகு கோணிய ஒரு புதிய ஆசிரியர் மழையில் வந்து சேர்வதை ஒரு சிறுவன் பார்க்கிறான். அந்த முதுகுக்குள் என்ன கதை என்பது நமக்குத் தெரியவர வெகுநேரம் ஆகும். படமோ அந்த மனிதர் சுடப்படுவதை முதலிலேயே காட்டி, செத்துவிட்டார் என்று நம்மை நம்பவைக்கிறது. பிறகு அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருகிறது. வரிசை தலைகீழ். ஆனாலும் அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துத் தடுமாறும் அந்த அவஸ்தை நமக்கும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, மூக்குக்கண்ணாடி. வேலை போனதும் ஸ்மைலி புதுக் கண்ணாடி வாங்குகிறார். பழைய சட்டம் தெரிந்தால் அது பழைய காலம், புதுச் சட்டம் தெரிந்தால் இன்றைய காலம். நாவலாசிரியர் 'அந்த நாட்களில்' என்று எழுதும் இடத்தில் படம் ஒரு கண்ணாடியை மாற்றிவைத்தது. எவ்வளவு நுட்பமான வேலை! நாவலை நேசிக்காதவர்களுக்கு இது தோன்றாது.

ஸ்மைலியின் எதிரியான சோவியத் உளவுத் தலைவர் கார்லாவையும் சொல்லவேண்டும். டில்லிச் சிறையில் ஸ்மைலி பேசிக்கொண்டே இருக்க, கார்லா ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் ஸ்மைலியின் சிகரெட் லைட்டரோடு போய்விடுகிறார். பிபிசி தொடரில் அந்தச் சந்திப்பையே காட்டினார்கள், பற்றிக் ஸ்டுவர்ட் கார்லாவாக வந்தார். படத்தில் ஸ்மைலி வெறும் கதிரை ஒன்றைப் பார்த்து அதைச் சொல்கிறார். கார்லாவின் முகத்தைப் படம் கடைசிவரை காட்டவே இல்லை. எனக்குக் கதிரைதான் பிடித்தது. ஸ்மைலியைப் போலவே நாமும் அந்த முகத்தை மனதால் தேடவேண்டியிருக்கிறது.

உங்கள் கோபத்துக்கு உரிய படம் ஒன்று உண்டு. கிரஹாம் கிரீன் 1955இல் 'த குவயட் அமெரிக்கன்' எழுதினார். சைகோன் நகரச் சதுக்கத்தில் குண்டு வெடித்துப் பொதுமக்கள் சாகிறார்கள். அதற்கு வெடிபொருள் கிடைத்த வழி, நல்லெண்ணம் நிறைந்த ஓர் அமெரிக்க இளைஞன், பைல். 1958இல் ஜோசப் மங்கிவிச் எடுத்த படத்தில் பைல் குற்றமற்றவன்; கம்யூனிஸ்ட்டுகள் விரித்த பொய்யில் ஆங்கிலப் பத்திரிகையாளன் ஃபௌலர் விழுகிறான். முடிவில் தென் வியட்நாம் ஜனாதிபதிக்குச் சமர்ப்பணம் வேறு. ஊர் அதே சைகோன், பெயர்கள் பெரும்பாலும் அவையே. கிரீன் கடைசிவரை அந்தப் படத்தை ஏற்கவில்லை. குண்டு வெடித்த சந்தியில் நின்று 'இதை யார் செய்தது?' என்று கேட்ட அனுபவம் கொழும்பில் இருக்கும் நமக்கு உண்டு. அந்தக் கேள்விக்கான பதிலை மாற்றி எழுதுவதுதான் துரோகம். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2002இல் பிலிப் நொய்ஸ் மறுபடி எடுத்த படத்தில் அந்தக் குற்றம் பைலிடமே திரும்பி வந்தது. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அதை வெளியிடத் தயங்கி, மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். நாவலில் குண்டு வெடித்த இடத்தில் பைல் தன் சப்பாத்தில் ஒட்டிய இரத்தத்தைப் பார்த்து, அமைச்சரைச் சந்திக்கப் போகுமுன் துடைக்கவேண்டும் என்கிறான். படத்தில், மொழி தெரியாதவன்போல் அதுவரை இருந்த பைல், பிணங்களுக்கு நடுவே நின்று சரளமாக வியட்நாமிய மொழி பேசுகிறான். ஃபௌலர் அதைப் பார்த்துவிடுகிறான். கிரீன் எழுதாத காட்சி அது. ஒருநாள் அந்தப் படத்தையும் பாருங்கள். பார்த்துவிட்டு, அங்கே கிரீன் இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.