வாஹூவின் கேப்டனும் புயோ மாருவின் படகுகளும் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் நீர்மூழ்கிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் வாஹூ கப்பலுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதன் கேப்டன் டட்லி மார்ட்டன் எவ்வளவு துணிச்சல்காரர் என்று சொல்லிவிட்டு, கடைசியில் “படகுகளில் தத்தளித்தவர்கள்மீது சுட்டவர்” என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தீர்கள். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் வணிகக் கப்பலில் எஞ்சினியர். கடலுக்கடியில் எஞ்சின் ரூமோடு போய்ச் சேர்வது என்றால் என்ன என்பதைக் கரையில் இருப்பவர்கள் கற்பனை செய்வது கஷ்டம். மார்ட்டன் 36 வயதில் தன் ஆட்கள் அத்தனை பேருடனும் அப்படிப் போனவர். அவர் ஜப்பானியச் சிப்பாய்கள் என்று நினைத்துத்தான் சுட்டார். அவர்களில் நம் நாட்டுக்காரர்கள் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? போரில் இதெல்லாம் நடப்பதுதானே? உயிரையே கொடுத்துவிட்டவரை எண்பது வருஷம் கழித்துக் குறை சொல்வது நியாயமா? அந்த வரியை எடுத்துவிடலாமே.

கப்பல் கடைசியில் கிடைத்ததா என்பதையும் எழுதுங்கள்.

ஆர்.கே., தூத்துக்குடி

*

அன்புள்ள ஆர்.கே.,

மார்ட்டனின் துணிச்சலில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1942இன் கடைசி நாளில் பிரிஸ்பேனில் அவர் வாஹூவின் பொறுப்பை ஏற்றார். முந்தைய கேப்டன் எச்சரிக்கையான மனிதர். அமெரிக்கக் கடற்படை அப்போது எச்சரிக்கையான நீர்மூழ்கி கேப்டன்களை ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டிருந்தது. மார்ட்டன் வந்ததும் ஓர் ஏற்பாடு செய்தார். தாக்குதல் நேரத்தில் பெரிஸ்கோப்பில் கண்ணை வைப்பது கேப்டனின் வேலை என்பதுதான் வழக்கம். அவர் அதைத் தனக்கு அடுத்த அதிகாரி ரிச்சர்ட் ஓகேனிடம் கொடுத்துவிட்டு, தான் பின்னால் நின்று முழு நிலைமையையும் மனதில் வைத்து முடிவெடுத்தார். கண் ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது. எஞ்சின் ரூமில் வேலை செய்யும் உங்களுக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகப் புரியும்.

அப்புறம் வீவாக். நியூ கினியின் வடக்குக் கரையில் இருந்த ஜப்பானியத் தளம். அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார்கள். துறைமுகத்தின் கடல் வரைபடம் கப்பலில் இல்லை. மாலுமி ஒருவர் ஆஸ்திரேலியாவில் வாங்கிவைத்திருந்த பள்ளிக்கூட அட்லஸில் அந்த இடம் இருந்தது. அதைப் பெரிதாக்கி வரைந்துகொண்டு, 1943 ஜனவரி 24 அன்று வாஹூ பட்டப்பகலில் துறைமுகத்துக்குள்ளேயே போய்விட்டது. உள்ளே ஹருசாமே என்ற நாசகாரிக் கப்பல். முதலில் விட்ட டார்ப்பிடோக்கள், அதாவது நீருக்கடியில் பாயும் குண்டுகள், தவறின. அவற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கப்பல் நேராக வாஹூவை நோக்கிப் பாய்ந்து வந்தது. நேர் எதிரே வரும் கப்பலின் முகப்பு மிகக் குறுகிய இலக்கு. தவறினால் மறு வாய்ப்பு கிடையாது. மார்ட்டன் பெரிஸ்கோப்பை வெளியே நீட்டியபடியே அது அருகே வரும்வரை காத்திருந்தார். முன்பக்கக் குழாய்களில் இருந்த கடைசி டார்ப்பிடோ, ஆறாவது, பட்டது. ஹருசாமே பலத்த சேதத்தோடு கரை தட்டி நின்றது. நீர்மூழ்கிகளின் வரலாற்றில் இதற்கு ஈடான நிதானம் மிகக் குறைவு.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 26. நியூ கினிக்கு வடக்கே ஒரு சிறு கான்வாயை, அதாவது சேர்ந்து செல்லும் கப்பல் கூட்டத்தை, வாஹூ பிடித்தது. அதில் புயோ மாரு என்ற கப்பல் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. டார்ப்பிடோ பட்டு அது மூழ்கியது. ஆட்கள் படகுகளுக்கும் தண்ணீருக்கும் பாய்ந்தார்கள். அதுவரை நடந்தது போர். அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

அடுத்து நடந்ததற்குச் சாட்சி மார்ட்டன் தானே எழுதி மேலிடத்துக்குக் கொடுத்த ரோந்து அறிக்கை. பாட்டரிகளைச் சார்ஜ் செய்யவும், தண்ணீரில் இருந்த சுமார் இருபது படகுகளை அழிக்கவும் மேலே வந்ததாக அவர் எழுதுகிறார். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஆள் நிறுத்தினார். முதல் குண்டு வாஹூவின் நான்கு அங்குல பீரங்கியிலிருந்து போனது, ஆட்கள் நிறைந்த ஒரு பெரிய படகை நோக்கி. அதற்கு அப்புறம்தான் படகுகளிலிருந்து சிறு துப்பாக்கிச் சூடு வந்தது. உடனே வாஹூ தன்னிடமிருந்த எல்லாவற்றாலும் சுட்டது. படகுக்காரர்கள்தான் எதிர்த்துச் சுட்டார்கள் என்று நீர்மூழ்கிப் படையின் தலைவர் லாக்வுட் பின்னாளில் எழுதினார். படகுகளைத்தான் குறிவைத்தோம், ஆட்களை வேண்டுமென்று சுடவில்லை என்றார் ஓகேன். இருவர் சொன்னதையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் யார் முதலில் சுட்டது என்பதில் கேப்டனின் அறிக்கையே தெளிவாக இருக்கிறது.

படகுகளில் இருந்தவர்கள் யார் என்பது போர் முடிந்த பிறகுதான் வெளியே பரவலாகத் தெரிந்தது. புயோ மாருவில் மொத்தம் 1,126 பேர். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இந்தியப் போர்க்கைதிகள்: பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 16ஆவது பஞ்சாப் ரெஜிமெண்ட், இரண்டாவது பட்டாலியன். மலாயாவில் சண்டையிட்டு, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டவர்கள். மற்றவர்களில் ஜப்பானிய ராணுவத் தளவாடக் கிடங்குப் பிரிவினர் இருந்தார்கள். இறந்தவர்கள் 195 இந்தியர்கள், 87 ஜப்பானியர்கள். இதில் டார்ப்பிடோ வெடித்ததில் இறந்தவர்களும் அடக்கம். மிச்சம் பேர் பிற்பாடு காப்பாற்றப்பட்டார்கள். அமெரிக்காவின் கூட்டாளி நாட்டுச் சிப்பாய்கள், ஒரு வருஷம் சிறையில் கிடந்தவர்கள், கடைசியில் தங்கள் பக்கத்துக் கப்பலாலேயே சுடப்பட்டார்கள்.

மார்ட்டனுக்கு இது தெரியாது. நீங்கள் சொல்வது சரி. பெரிஸ்கோப்பிலிருந்து ஒரு சீக்கியரின் முகமும் ஒரு ஜப்பானியரின் முகமும் வேறுபட்டுத் தெரியாது. ஆனால் அவர்கள் எல்லோருமே ஜப்பானியராக இருந்திருந்தாலும் என் வரி அங்கே இருந்திருக்கும், ஆர்.கே. கப்பலை இழந்து நீரில் கிடப்பவனைச் சுடக்கூடாது என்பதற்கு அவன் எந்த நாட்டுக்காரன் என்ற கணக்கு கிடையாது. 87 பேரை விட்டுவிட்டு 195 பேருக்காக மட்டும் நான் வருத்தப்பட்டால் அந்த வருத்தத்துக்கு மதிப்பில்லை.

மார்ட்டன் தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்க்கலாம். இவர்கள் சிப்பாய்கள். கரை சேர்ந்தால் நாளைக்கு நியூ கினியில் நம் ஆட்களைச் சுடுவார்கள். அதனால் இங்கேயே முடித்துவிடுவது போருக்கு உகந்தது. அதே 1943 மார்ச்சில், நியூ கினிக்கு அருகே நடந்த பிஸ்மார்க் கடல் சண்டையில் அமெரிக்க, ஆஸ்திரேலிய விமானங்கள் இதே காரணத்தைச் சொல்லித்தான் படகுகளில் தப்பியவர்களைச் சுட்டன. கரைக்கு அருகே, ஆயுதத்தோடு, போரிடும் நிலையில் வருகிறவர்கள் விஷயத்தில் இந்த வாதத்தில் ஏதோ இருக்கிறது. ஆனால் நடுக்கடலில், இருபது படகுகளை, யார் எவர் என்று பார்க்காமல்? புயோ மாருதான் அந்த வாதத்துக்குக் கிடைத்த பதில். அதில் ஏறியிருந்தவர்களில் ஏராளமானோர் யாரையும் சுடப்போகிறவர்கள் இல்லை.

“போரில் இதெல்லாம் நடப்பதுதானே” என்கிறீர்கள். நடந்தது, ஆனால் எல்லோரும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. 1944 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கி யூ-852இன் கேப்டன் ஹைன்ஸ்-வில்ஹெல்ம் எக், பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, மிதந்த தெப்பங்கள்மீது சுடச் சொன்னார். தடயம் இருக்கக்கூடாது என்பது அவர் காரணம். ஹாம்பர்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்து, 1945 நவம்பர் 30 அன்று வேறு இருவருடன் சேர்த்துச் சுட்டுக்கொன்றது. அதே பிரிட்டனின் டோர்பே நீர்மூழ்கி கேப்டன் அந்தோணி மயர்ஸ் 1941இல் கிரீட் தீவுப் பக்கம் ரப்பர் படகில் இருந்த ஜெர்மன் சிப்பாய்களைச் சுடவைத்தார். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள், இனி வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் வேறொரு தாக்குதலுக்காக அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஜெயித்தவன், தோற்றவன் என்ற வித்தியாசம் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியும் இடங்கள் குறைவு.

மார்ட்டன் விஷயத்தில் என்னை அதிகம் கலங்கவைப்பதும் இதுதான். அவர் எதையும் மறைக்கவில்லை. செய்ததை எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த ஓர் அதிகாரியும் இது தவறு என்று அவரிடம் சொன்னதாகப் பதிவில்லை. பிப்ரவரி 7 அன்று வாஹூ பெரிஸ்கோப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு பேர்ல் ஹார்பருக்குள் வந்தது. எதிரியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டோம் என்று அர்த்தம். கடற்படை நேவி கிராஸ் என்ற பதக்கத்தைக் கொடுத்தது, தளபதி மெக்ஆர்தர் தரைப்படையின் பதக்கம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். முப்பத்தைந்து வயது மனிதர், தன் நாட்டின் மிகப் பெரிய பெயர்கள் எல்லாம் கை குலுக்கும்போது, ஜனவரி 26ஐப் பற்றி எங்கே உட்கார்ந்து யோசிப்பார்? அந்தப் படகுகளின் பொறுப்பு அவருடையது. ஆனால் அவருடையது மட்டும் இல்லை. இதை முன்பே எழுதியிருந்தால் உங்களுக்கு அந்த வரி இவ்வளவு உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, உயிரைக் கொடுத்துவிட்டாரே என்கிறீர்கள்.

1943 ஆகஸ்டில் வாஹூ ஜப்பான் கடலுக்குள் போனது. நாலு பக்கமும் நிலத்தால் சூழப்பட்டு, சில குறுகிய நீரிணைகள் மட்டுமே வாசலாக உள்ள கடல். கப்பல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டார்ப்பிடோக்கள் வேலை செய்யவில்லை. பத்து விட்டதில் ஒன்றுகூட உருப்படியாக வெடிக்கவில்லை. சில மேலே துள்ளின, சில திசை மாறின, சில கப்பலின் பக்கவாட்டில் மோதி ‘டங்’ என்ற சத்தத்தோடு சரி. அமெரிக்காவின் மார்க் 14 டார்ப்பிடோ போர் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான்: குறித்ததைவிட ஆழத்தில் ஓடும், காந்த வெடிமுனை சொன்னபடி கேட்காது, நேராக மோதினால் வெடிமுனையின் ஊசி நசுங்கிவிடும். கேப்டன்கள் குறை சொன்னபோதெல்லாம் தயாரித்த அலுவலகம் குறிவைத்தவர்களைத்தான் குறை சொன்னது. கொதித்துப்போய் மார்ட்டன் ஆகஸ்ட் 29 அன்று பேர்ல் ஹார்பர் திரும்பினார். ஓய்வு கேட்கவில்லை. வேறு டார்ப்பிடோக்கள் கொடுங்கள், அதே கடலுக்கு உடனே போகிறேன் என்றார். செப்டம்பர் 9 அன்று கிளம்பிவிட்டார்.

கூடப் போனவர்கள் சுமார் எண்பது பேர். நீர்மூழ்கிப் படையில் விரும்பித்தான் சேர்ந்திருப்பார்கள், உண்மை. ஆனால் அந்தப் பதினோரு நாளில் திரும்பிப் போகும் முடிவை எடுத்தது அவர்கள் இல்லை. டீசல் பார்த்துக்கொண்டவர், சமையல்காரர், டார்ப்பிடோ அறையில் படுக்கை போட்டிருந்த இருபது வயதுப் பையன்கள். அவர்களின் சாவைக் கேப்டனின் தியாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உங்கள் கடிதத்திலும் “தன் ஆட்கள் அத்தனை பேருடனும்” என்றுதான் வருகிறது. நான் அவர்களைத் தனியாக வைத்து நினைக்க விரும்புகிறேன்.

அக்டோபர் 5 அன்று ஷிமோனோசெக்கிக்கும் பூசானுக்கும் இடையே ஓடிய கொன்ரோன் மாரு என்ற பயணிகள் கப்பல் டார்ப்பிடோ பட்டு மூழ்கியது. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜப்பானிய வானொலி சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அது வாஹூவின் வேலைதான். அக்டோபர் 11 அன்று, ஹொக்கைடோவுக்கும் சகாலினுக்கும் நடுவே உள்ள லா பெரூஸ் நீரிணை வழியாக வெளியேற முயன்றபோது ஜப்பானியர்கள் வாஹூவைக் கண்டுகொண்டார்கள். விமானங்களும் கப்பல்களும் மணிக்கணக்கில் குண்டு போட்டன. கடல்மேல் எண்ணெய் பரவியது. வாஹூ திரும்பவில்லை. அதற்குப் பிறகு 1945 ஜூன் வரை அமெரிக்க நீர்மூழ்கி எதையும் ஜப்பான் கடலுக்குள் அனுப்பவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கிடைத்தது. 2006 ஜூலையில் ரஷ்ய முக்குளிப்பாளர்கள் அதே நீரிணையில் சுமார் 65 மீட்டர் ஆழத்தில் அதைப் படமெடுத்தார்கள். கப்பலின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கானிங் டவர் அருகே குண்டு விழுந்த தடம் இருந்தது. அக்டோபர் கடைசியில் அமெரிக்கக் கடற்படை அது வாஹூதான் என்று உறுதி செய்தது. கல்லறையாகக் கருதி அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே, 1995இல், ஹொக்கைடோவின் வடகோடியில் சோயா முனையில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வாஹூவில் இறந்தவர்களின் உறவினர்களும் அதைத் தாக்கியவர்கள் தரப்பு ஜப்பானியர்களும் சேர்ந்து செய்த காரியம். அதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது பக்கத்தைத் தேட யாரும் இல்லை. 16ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டில் பஞ்சாபி முஸ்லிம்கள், சீக்கியர்கள், டோக்ராக்கள் சேர்ந்து இருந்தார்கள். 1947இல் நாடு பிரிந்தபோது ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. சீக்கியர்களும் டோக்ராக்களும் இந்திய ராணுவத்துக்கு வந்தார்கள். புயோ மாருவின் படகுகளில் இறந்தவர்கள் இந்தியாவின் கணக்கிலும் முழுதாக வரவில்லை, பாகிஸ்தானின் கணக்கிலும் வரவில்லை. அமெரிக்கர்களுக்கு அது ஒரு பெரிய கேப்டனின் வாழ்க்கையில் சங்கடமான ஒரு பத்தி.

அதனால் அந்த வரியை நான் எடுக்கப்போவதில்லை, ஆர்.கே. கட்டுரையில் அதைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். பட்டாலியனின் பெயரையும், இரண்டு நாட்டுக்காரர்களில் இறந்தவர்களின் எண்ணிக்கையையும், அறிக்கையைப் படித்துவிட்டுப் பதக்கம் கொடுத்தவர்களையும் சேர்க்கிறேன். வீவாக் துறைமுகத்தைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கும்.

அன்புடன்.