கொடி நிறத்தில் இணையதளம்: எழுத்து ஏன் மங்குகிறது?

கேள்வி: பாய்மரப் படகு கிளப் ஒன்றுக்கு இணையதளம் வடிவமைக்கிறேன். கப்பல் சமிக்ஞைக் கொடிகளின் நிறங்களைத் தளம் முழுக்கப் போட்டேன். படிக்கச் சிரமமாக இருக்கிறதாம். சின்ன ஐகான்களும் மங்குகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை ஆகிய அந்த ஐந்தும் தூரத்தில் தெரிவதற்கானவை, பத்தி பத்தியாகப் படிப்பதற்கல்ல. சாதாரண எழுத்துக்கு டபிள்யூசிஏஜி (எல்லோரும் இணையதளத்தைப் பயன்படுத்த உதவும் வழிகாட்டு நெறி) கேட்கும் எழுத்து–பின்னணி ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1. வெள்ளைமேல் தூய சிவப்பு 4:1-தான். தூய நீலத்தின்மேல் சிவப்பு வெறும் 2.15:1, கண்ணும் கூசும். வெள்ளைப் பின்னணியில் கருநீல எழுத்து வையுங்கள். மஞ்சள்மேல் கறுப்பு மட்டும்.

ஐகான் மங்குவது வகுத்தல் கணக்கால். சமிக்ஞைக் கொடிகளில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு கொடி உண்டு. 24 பிக்சலில் ‘என்’ கொடியின் 4×4 கட்டங்கள் தலா 6 பிக்சலாகக் கச்சிதமாக அமரும். ‘சி’ கொடிக்கு ஐந்து பட்டை, தலா 4.8 வருவதால் விளிம்பு குழையும். 5, 5, 4, 5, 5 என்று கையால் பிரித்துவிடுங்கள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

‘ஏ’ கொடியின் கம்பப் பக்கப் பாதி வெள்ளை. வெள்ளை இணையப் பக்கத்தில் அது காணாமல் போகும். சுற்றிலும் சாம்பல் கோடு தேவை. அதன் பிளவுபட்ட வாலை சிஎஸ்எஸ் கிளிப்-பாத்தால் (வடிவத்தை வெட்டிக் காட்டும் கட்டளை) வெட்டினால் அங்கே பார்டர் வராது. எஸ்விஜி (கோடுகளால் வரையும் பட வகை) வடிவத்திலேயே ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, கொடுங்கள்.

மஞ்சள் ‘கியூ’வை எச்சரிக்கைக்கு வைக்காதீர்கள்: ‘கப்பலில் நோயில்லை, துறைமுகத்துக்குள் அனுமதி தேவை’ என்பதே அதன் பொருள். படகுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள் என்று சொல்வது ‘யு’. எதுவானாலும் கொடியருகே சொல்லும் இருக்கட்டும்.