பிள்ளை வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள்

வணக்கம் அண்ணா,

மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். மகன் தரம் 7, மகள் தரம் 9. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வரைக்கும் மகன் கையில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பான். அது முடிந்ததோடு சரி, பாடப் புத்தகம் தவிர ஒன்றையும் தொடுகிறான் இல்லை. எந்த நேரமும் போனில் உழவு இயந்திர வீடியோதான். மகள் வாசிப்பாள், ஆனால் அவளுக்கு எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஓகஸ்ட் விடுமுறைக்கு இரண்டு பேருக்கும் ஏற்ற மாதிரி ஒரு புத்தகப் பட்டியல் தருவீர்களா? ஒரு நாளைக்கு இருபது பக்கம் வாசிக்க வைத்து, வாசித்ததைச் சுருக்கி ஒரு கொப்பியில் எழுதவும் வைக்கலாம் என்று யோசித்திருக்கிறேன். நாங்கள் இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்து படித்த ஆட்கள். ஒரு கதைப் புத்தகம் கிடைத்தால் குப்பி விளக்கில் விடிய விடிய வாசிப்போம். இப்போது எல்லாம் இருந்தும் பிள்ளைகள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்பின் தங்கச்சிக்கு,

பட்டியல் தருகிறேன். அதற்கு முதல் அந்தக் கொப்பியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இருபது பக்கக் கணக்கும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது போன் இல்லை, அந்தக் கொப்பிதான்.

மகன் வாசிப்பை விட்டது எப்போது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், புலமைப்பரிசிலோடு. அந்தப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிற இரண்டு மூன்று வருடமும் பிள்ளைக்கு முன்னால் வருகிற ஒவ்வொரு பந்திக்கும் கீழே கேள்வி இருக்கிறது. குருவி எங்கே கூடு கட்டியது, ஏன் கட்டியது, ஒத்த கருத்துச் சொல் என்ன, இந்தக் கதை தரும் படிப்பினை என்ன. மூன்று வருடம் இப்படிப் போனால் எழுத்து என்றாலே பின்னால் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் ஒரு பிள்ளை கதைப் புத்தகம் ஒன்றைப் பென்சிலால் கோடு போட்டுப் போட்டு வாசிப்பதைப் பார்த்தேன். கதை எப்படி அம்மா என்று கேட்டேன். ஆசிரியர் பெயர், பாத்திரங்களின் பெயர், கதை நடந்த இடம், கடைசியாகப் படிப்பினை, எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒரு மூச்சில் சொன்னாள். பிடித்ததா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை, அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லைப் போல, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒக்ரோபர் வந்தால் வாசிப்பு மாதம் என்று பாடசாலைகளில் கட்டுரைப் போட்டி வைப்பார்கள், வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று அதே வசனத்தோடு எல்லாப் பிள்ளைகளும் எழுதத் தொடங்குவார்கள், ஆனால் அந்த மாதத்திலும் ஒரு பிள்ளை ஒரு கதையைச் சும்மா வாசித்துவிட்டுச் சும்மா இருக்க இடமில்லை. விடுமுறையில் அந்த இடத்தை வீட்டில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வாசித்து முடித்தானா, சரி. பாதியில் விட்டானா, அதுவும் சரி. பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்கிற உரிமை பெரியவர்களுக்கு இருக்கிறது, பிள்ளைக்கும் இருக்கட்டும். அவனாக வந்து கதை சொன்னால் சமையலை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இனிப் புத்தகங்கள்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் 1981இல் வந்த புத்தகம், எழுதியவர் டெட்சுகோ குரோயானாகி. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. முதலாம் வகுப்பிலேயே ‘இந்தப் பிள்ளையை வைத்துச் சமாளிக்க முடியாது’ என்று பாடசாலையால் அனுப்பிவிடப்பட்ட ஒரு சிறுமியின் கதை, அந்தச் சிறுமி எழுதியவரேதான். ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரரைக் கூப்பிடுவாள், மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுவாள், அதுதான் குற்றம். பிறகு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாடசாலையில் வகுப்பறை எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். அங்கே அதிபர் கோபயாஷி முதல் நாள் அவளை முன்னால் இருத்தி, உனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லு என்கிறார். அவள் நாலு மணித்தியாலம் கதைக்கிறாள், அவர் கொட்டாவி கூட விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த இடத்தை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள்.

அதில் இன்னொரு இடம். இளம்பிள்ளை வாதத்தால் கைகால் வளைந்த பையன் ஒருவன் அவளோடு படிக்கிறான், மரமே ஏறினதில்லை. அந்தப் பாடசாலையில் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தம்முடையது என்று வைத்திருப்பார்கள், தன் மரத்தில் அவனை ஏற்றிவிட வேண்டும் என்று டோட்டோ-சான் வீட்டுக்குச் சொல்லாமல் வருகிறாள். சாதாரண ஏணி சரிவரவில்லை, இரண்டு பக்கமும் விரிகிற ஏணியை இழுத்து வருகிறாள், கீழே இருந்து தலையால் முட்டுக் கொடுத்துத் தள்ளுகிறாள், பிறகு மேலே ஏறி நின்று இழுக்கிறாள், வியர்வை கண்ணுக்குள் போகிறது. ஏறிய பிறகு இரண்டு பேரும் மரத்தில் இருந்து கதைக்கிறார்கள், அவ்வளவுதான். பாலை மரமும் வீரை மரமும் ஏறி இறங்குகிற எங்கள் பெடியளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். 1945இல் அந்தப் பாடசாலை விமானக் குண்டில் எரிந்துபோகிறது, புத்தகமும் அதோடு முடிகிறது. அதனால் பிள்ளைக்குக் கொடுக்காமல் விடாதீர்கள். எரிகிற பாடசாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த அதிபர், பக்கத்தில் நிற்கும் மகனிடம், அடுத்து என்ன மாதிரிப் பாடசாலை கட்டுவோம் என்று கேட்கிறார். உங்கள் மகன் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவன். 1996இல் கிளிநொச்சிச் சனம் முழுக்க உங்கள் மல்லாவிப் பக்கம் வந்து நிறைந்ததையும், மரத்துக்கு மரம் வகுப்பு நடந்ததையும் அவன் எந்தப் பாடப் புத்தகத்தில் வாசித்திருப்பான்? அந்தக் கடைசிப் பக்கம் முடிந்து அவன் உங்களிடம் ஏதாவது கேட்டால், கேள்வி அவனுடையது, பதில் உங்களிடம்தான் இருக்கிறது. மறைக்காமல் சொல்லுங்கள்.

மகனுக்கு இன்னொன்று, செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. யாழ்ப்பாணத்துக் கிராமத்தை விட்டு வெளியே போயிராத ஆச்சி ஒருத்தி கதிர்காமம் போகிற கதை, சின்னப் புத்தகம், சிரித்துச் சிரித்து வாசிக்கலாம். பேச்சு முழுக்க எங்கள் பேச்சு. இந்தியாவில் இருந்து வருகிற சிறுவர் புத்தகங்களில் பிள்ளைகள் பல சொற்களைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது, இதில் அந்தச் சிரமம் இல்லை. இதை அவன் தனியாக வாசிப்பதை விட நீங்கள் உரத்து வாசியுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதா என்று யோசிக்க வேண்டாம், முல்லைத்தீவுப் பக்கம் விடிய விடிய இருந்து கோவலன் கூத்துப் பார்த்த சனம் நாங்கள், காதால் கதை கேட்க வயது பார்த்ததில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, சோளகக் காற்றுக்கு முற்றத்தில் பாய் போட்டு, பத்துப் பக்கம். நல்ல இடத்தில் நிறுத்துங்கள். மிச்சத்தை அவனே களவாக வாசித்துவிட்டால் உங்களுக்கு வெற்றி.

உழவு இயந்திர வீடியோ பார்க்கிறவனைக் குறை சொல்லவும் வேண்டாம். அவனுக்கு இயந்திரம் பிடித்திருக்கிறது. அந்த இயந்திரத்தோடு வருகிற கையேட்டைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கமநல சேவை நிலையத்துக்குப் போனால் நெல்லுக்கு வருகிற பூச்சி, நோய் பற்றிய விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்கள் தமிழில் இருக்கும், அதையும் கொடுங்கள். சிறுபோகம் வெட்டுகிற நேரம், வயலில் கபிலத் தத்திப் பூச்சியைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றி வாசிக்கிற பிள்ளை, கதைப் புத்தகம் வாசிக்கிற பிள்ளைக்கு எந்த விதத்திலும் குறைந்தவன் இல்லை. கதை பிடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைக் கதையால் வதைத்து வாசிப்பில் இருந்தே துரத்திவிடுகிறோம்.

பாட்டுக்கு, மகாகவியின் ‘குறும்பா’, ஐந்தைந்து வரிக் குட்டிப் பாட்டுகள். 1966இல் வந்தது. முத்துக் குளிக்கப் போனவன் கடலுக்குள் காலனைச் சந்திக்கிறான், சத்தமில்லாமல் அவன் கைக்குள் பத்து முத்தைப் பொத்துகிறான், காலன் போய்விடுகிறான். ஐந்து வரியில் கதை முடிந்தது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் கிட்டவாக இருக்கும். எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது இல்லை, நீங்கள் பார்த்துப் பொறுக்கிக் கொடுங்கள்.

மகளுக்கு. தரம் 9 என்றால் இனிப் பெரிய புத்தகம் தாங்கும். போரிஸ் பொலெவோய் எழுதிய ‘உண்மை மனிதனின் கதை’ சோவியத் காலத்தில் மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்தது, வன்னியில் பலர் கைமாறிக் கைமாறி வாசித்த புத்தகம். 1942இல் விமானம் வீழ்ந்து, காலிரண்டும் நசுங்கி, பதினெட்டு நாள் பனிக்காட்டுக்குள் ஊர்ந்து வந்து உயிர் தப்பிய விமானி ஒருவரின் உண்மைக் கதை. இரண்டு காலையும் எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. செயற்கைக் காலோடு நிற்கப் பழகி, நடக்கப் பழகி, கடைசியில் நடனம் ஆடப் பழகுகிறார், தான் மறுபடி விமானம் ஓட்டுவேன் என்று வைத்தியர்களை நம்ப வைப்பதற்காக. செயற்கைக் காலோடு வயலுக்கும் கடைக்கும் போய் வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, அந்தக் கால் முதல் மாதத்தில் எப்படி வலிக்கும் என்று சொல்லுகிற புத்தகம் வேறு எங்கே கிடைக்கும்? உங்கள் வீட்டிலோ நெருங்கிய உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால் மட்டும் முதலில் நீங்கள் வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் மண்ணின் நாவல் என்று பலர் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யைச் சொல்லுவார்கள். 1973இல் வந்தது, தண்ணிமுறிப்புக் காட்டுக்குள் நடக்கிற கதை, வன்னியை இவ்வளவு கிட்ட நின்று எழுதியவர்கள் குறைவு. ஆனால் அது கல்யாணத்துக்குள் நடக்கிற கதை. மகளுக்கு இப்போது அவசரம் இல்லை, சாதாரண தரப் பரீட்சை எழுதின பிறகு கொடுக்கலாம். இந்த ஓகஸ்டில் அதை நீங்கள் வாசியுங்கள். அம்மா தனக்காக ஒரு புத்தகத்தோடு இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும், நீங்கள் விடிய விடிய வாசித்த ஆள் என்பதை அவர்கள் கேட்டிருக்கிறார்களே தவிரக் கண்டதில்லை.

வரலாற்றுக்கு முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம். நாடகம் என்பதால் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பாத்திரமாக உரத்து வாசிக்கலாம். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் வெள்ளைக்காரனின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது 1803 ஓகஸ்ட் 25, அவர்களின் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றது அதே வருடம் ஒக்ரோபர் 31. அந்தத் தோல்வியைச் சொல்லத்தான் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் கல் நட்டான். மல்லாவியில் இருந்து மாங்குளம் வந்து ஒட்டுசுட்டான் பஸ் எடுத்தால் ஒரு பகலில் போய் வரலாம். வாசித்துவிட்டுக் கூட்டிப்போங்கள், அந்த இடத்தைப் பிள்ளைகளே பார்க்கட்டும்.

அப்புறம், புத்தகத்துக்கு எங்கே போவது. எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. பாடசாலை நூலகத்து அலுமாரி விடுமுறை முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். தவணை முடிகிற கடைசிக் கிழமையில் நாலைந்து பெற்றோராகப் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு புத்தகம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்று வகுப்பு ரீச்சரிடம் கேளுங்கள். துலைந்துவிடும் என்பார்கள். துலையட்டும், துலைந்தால் வாங்கித் தருகிறோம் என்று சொல்லுங்கள், பூட்டிய அலுமாரியில் கறையான் தின்பதை விட அது மேல். பிரதேச சபை நூலகத்தில் பிள்ளைகளின் பெயரிலேயே அங்கத்துவம் எடுங்கள். போன் எப்படியும் கையில் இருக்கிறது, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன, மகளுக்கு அதில் தேடப் பழக்கிவிட்டால் பிறகு அவள் உங்களுக்கே புத்தகம் எடுத்துத் தருவாள்.

ரியூசன் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் விடுமுறையிலும் வகுப்பு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தரம் 7 பிள்ளையை ஓகஸ்டில் அனுப்பாதீர்கள். காலையில் வகுப்பு, பின்னேரம் வகுப்பு, இடையில் வாசி என்றால் நானும் வாசிக்க மாட்டேன்.

ஓகஸ்ட் முடிய அவன் ஒன்றையும் தொடவில்லை என்றாலும் எழுதுங்கள். டிசம்பர் விடுமுறை மழைக்குள் வருகிறது, வெளியே போக வழியில்லாத அந்த நாட்களுக்கு வேறு புத்தகங்கள் சொல்கிறேன். டோட்டோ-சான் கடைகளில் கிடைக்காவிட்டால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, மாங்குளம் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். திருப்பித் தர வேண்டாம், உங்கள் பிள்ளைகள் முடித்ததும் பக்கத்து வளவுப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணா